புகார் எழுதிய அரசு ஊழியரைப் பற்றி ஐம்பதாயிரம் ரூபாயில் ஒரு குறும்படம்

ஊழலை வெளியே சொன்ன அரசு ஊழியர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கக் கிளம்பும் பலர் முதலில் வில்லனைத்தான் எழுதுகிறார்கள். அமைச்சர், அடியாட்கள், கறுப்புக் கார், இரவுத் துரத்தல். ஐம்பதாயிரம் ரூபாயில் இவற்றில் ஒன்றைக்கூட நம்பும்படி எடுக்க முடியாது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. இந்தக் கதை மேசையிலும் கோப்பிலும் தபாலிலும் நடக்கிறது. அவை எல்லாம் மலிவாகவே கிடைக்கும். எந்தக் காகிதம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, யார் கையெழுத்துப் போட மறுத்தார் என்பது மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவரும் படத்தை நம்புவார். பிசகினால் எவ்வளவு நல்ல நடிப்பும் காப்பாற்றாது.

கீழே இருப்பது 12 நிமிடப் படத்துக்கான திட்டம். திரைக்கதை 12 முதல் 14 பக்கம், நடிகர்கள் நான்கு பேர், இடங்கள் மூன்று, படப்பிடிப்பு இரண்டு நாள். இந்த அளவை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எழுதிய பிறகு குறைக்க முயன்றால் கதையின் எலும்பு உடையும்.

முதலில் குற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

"கோடிக்கணக்கில் ஊழல்" என்று வசனத்தில் சொன்னால் பார்வையாளருக்கு ஒன்றும் உறைக்காது. ஒரே ஷாட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய குற்றம் வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணி மேற்பார்வையாளராக, எல்லோரும் ஓவர்சியர் என்று அழைக்கும் பதவியில், ஒரு பெண் இருக்கிறார். கிராமச் சாலை ஒன்றில் ஜல்லி அடுக்கு 7.5 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். நேரில் தோண்டிப் பார்த்தால் 4 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. எம் புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில் 7.5 என்று எழுதி, பில் பாஸ் ஆகக் காத்திருக்கிறது.

கணக்கையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 480 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.075 மீட்டர் கனம் என்றால் 108 கன மீட்டர். உண்மையில் இருப்பது 57.6. போடாத 50.4 கன மீட்டர் ஜல்லிக்குப் பணம் போகிறது. திரையில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எம் புக் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். படத்தை நிறுத்தி வைத்துப் பெருக்கிப் பார்க்கும் ஆள் நிச்சயம் இருப்பார்.

இந்த உதாரணத்தின் பலம், ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு குழியும் போதும் என்பது. ஆனால் பொதுச் சாலையைத் தோண்டாதீர்கள், அது குற்றம். தனியார் இடத்தில், செம்மண் தரையில், 60 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஜல்லியைப் பரப்பித் திம்மிஸ் கட்டையால் இடியுங்கள். 4 சென்டிமீட்டர் கனத்துக்கு அரை கன அடி ஜல்லி போதும், ஒரு சிமெண்ட் சாக்கில் பாதிகூட வராது. அகலமான ஷாட்டை உண்மையான சாலையிலும், குழியும் ஸ்கேலும் தெரியும் குளோசப்பை இங்கேயும் எடுத்து ஒட்டினால் வித்தியாசம் தெரியாது. இரண்டு இடத்திலும் வெயில் ஒரே பக்கமிருந்து விழ வேண்டும், அதில்தான் மாட்டிக்கொள்வோம். இரண்டையும் காலை எட்டு மணியை ஒட்டி எடுத்துவிடுங்கள்.

வேறு துறை என்றாலும் இதே சோதனைதான். சத்துணவு மையத்தில் பதிவேட்டில் உள்ள குழந்தைகள் எண்ணிக்கையும் சாப்பாட்டுத் தட்டுகளும், நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேடும் வேலை செய்யும் ஆட்களும், மருந்துக் கிடங்கில் இருப்புப் பதிவேடும் அலமாரியும் பொருந்தவில்லை என்று காட்டலாம். காகிதம் ஒன்று சொல்ல வேண்டும், கண் வேறொன்று சொல்ல வேண்டும்.

புகார் எந்த வழியில் போகும்

திரைக்கதைகள் அதிகம் தவறுவது இங்கேதான். நாயகி ஒரு கவரை எடுத்து டெல்லிக்கு அனுப்புவார், அடுத்த காட்சியில் சிபிஐ வரும். நடைமுறை அப்படி இல்லை.

2002 நவம்பரில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு உச்ச நீதிமன்றத்தில் எழுந்த வழக்கின் விளைவாக 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. தகவல் அளிப்பவரின் பெயரை வெளியிடாமல் புகார் பெறும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு வந்தது. புகாரை மூடிய உறையில் அனுப்ப வேண்டும், இன்ன தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று உறை மேல் எழுத வேண்டும், அனுப்புநர் பெயரை உறை மேல் எழுதக் கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மொட்டைக் கடுதாசியை இந்த வழியில் ஏற்க மாட்டார்கள்.

முக்கியமான விஷயம், இந்த வழி மத்திய அரசு ஊழியர்களையும் மத்திய அரசின் நிறுவனங்களையும் பற்றிய புகார்களுக்கு மட்டும்தான். நம் ஒன்றிய அலுவலக ஓவர்சியர் மாநில அரசைச் சேர்ந்தவர். அவர் போகக்கூடிய இடம் மாநில லஞ்ச ஒழிப்புத் துறை, லோக் ஆயுக்தா, அல்லது மேலதிகாரி. ஊழலை வெளியிடுவோருக்கான பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. பத்தாண்டு கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை. ஆகவே "சட்டம் உங்களைப் பாதுகாக்கும்மா" என்று வக்கீல் பாத்திரம் நிம்மதியாகச் சொல்வதுபோல் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மேலதிகாரிக்கு எழுதுவதென்றால் "உரிய வழியாக" எழுத வேண்டும். அதாவது, யார் மீது புகாரோ அவர் மேசை வழியாகவே கடிதம் மேலே போக வேண்டியிருக்கலாம். ஒரு குறும்படத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. நாயகி கடிதத்தின் மேல் மூலையில் "உரிய வழியாக" என்று எழுதிவிட்டு நிறுத்துகிறாள், பிறகு புதிய தாள் எடுக்கிறாள். வசனமே தேவையில்லை.

லஞ்ச ஒழிப்புத் துறை என்றதும் ரசாயனப் பொடி தடவிய நோட்டும் இளஞ்சிவப்பாக மாறும் தண்ணீரும் நினைவுக்கு வரும். பார்க்க அழகான காட்சி, ஆனால் நம் கதைக்குப் பொருந்தாது. அது கையூட்டு வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் முறை. நம் நாயகி கையில் இருப்பது அளவுப் புத்தகம். ஆவணப் புகாரில் பூர்வாங்க விசாரணை, முன் அனுமதி, காத்திருப்பு என்று மாதங்கள் போகும். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்த 17ஏ பிரிவு, அதிகாரி பணியில் எடுத்த முடிவு அல்லது பரிந்துரை பற்றிய குற்றச்சாட்டை விசாரிக்கவே அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இந்தக் காத்திருப்பைப் படத்தில் வைத்தே ஆக வேண்டும்.

புகாருக்குப் பிறகுதான் கதை

குழியைத் தோண்டிப் புகாரை அனுப்புவது முதல் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மீதி எட்டு நிமிடம், அனுப்பிய பிறகு அவளுக்கு நடப்பது. பெரும்பாலான படங்கள் இதைத் தலைகீழாகச் செய்து, புகார் கொடுக்கும் தருணத்தை உச்சக் காட்சியாக வைத்து முடித்துவிடுகின்றன. பதிலடியின் படிகளை வரிசையாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் எட்டு நிமிடம் போதாது என்றே தோன்றும்.

முதலில் வருவது மாறுதல். ஆணையில் காரணம் இருக்காது. "நிர்வாக நலன் கருதி" என்ற இரண்டு மூன்று சொல்தான். 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார், அதே ஆண்டில் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆட்சியருக்கே மாறுதல் வரும்போது ஓவர்சியர் எம்மாத்திரம். அடுத்தது மெமோ. தமிழ்நாட்டில் சிறு தண்டனைக்கு 17ஏ, பெரும் தண்டனைக்கு 17பி. இது 1955ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் வரும் 17ஏ. மேலே சொன்ன ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ வேறு. வசனத்தில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். அலுவலகத்தில் "செவன்டீன் பி போட்டுட்டாங்க" என்று சொன்னாலே எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அதன் பிறகு தற்காலிகப் பணிநீக்கம். அந்தக் காலத்தில் பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பள அளவுதான் வரும். அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியேறவும் கூடாது. ஆள் வாங்க மறுத்தால் ஆணையை வீட்டுக் கதவில் ஒட்டிச் சார்வு செய்வார்கள், அதாவது அவரிடம் கொடுத்ததாகவே கணக்கில் கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, தினமும் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்த அதே அலுவலக உதவியாளர் பசை தடவுவதை எடுக்க உங்களுக்கு ஒரு கதவும் ஒரு காகிதமும் போதும்.

மிரட்டலை மிரட்டலாக எழுதாதீர்கள். அலுவலகத்தில் மேலதிகாரி பேசுவது பெரும்பாலும் அக்கறை போலவே இருக்கும்:

"எம் புக்ல உங்க கையெழுத்து மட்டும்தாம்மா பாக்கி."
"ஸ்பாட்ல நாலு சென்டிமீட்டர்தான் சார் இருக்கு."
"மழையில அரிச்சிருக்கும்."
"ரோடு போட்டே இருபது நாள்தான் சார் ஆகுது."
"சரி விடுங்க. பையன் எந்த ஸ்கூல்? இங்கயேவா? நல்லது. டிரான்ஸ்பர்னு வந்தா பசங்க படிப்புதாம்மா முதல்ல அடிபடுது."

இதற்குப் பின்னணி இசை போடாதீர்கள். மின்விசிறிச் சத்தம் போதும்.

தகவல் தருபவரைக் காப்பாற்றுங்கள்

இந்தப் படத்துக்காக நீங்கள் அரசு ஊழியர்களிடம் பேசுவீர்கள். அவர்களில் யாராவது உண்மையிலேயே புகார் கொடுத்தவராக இருக்கலாம். உங்கள் படத்தால் அவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பது மற்ற எல்லா முடிவுகளுக்கும் மேலே நிற்க வேண்டும். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலுக்கு எதிராகப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் அலுவலகத்தில் வேலையில் இருக்கும்போதே வெட்டப்பட்டு உயிரிழந்தார். ஆபத்து சினிமாக்காரர்களின் கற்பனை இல்லை.

ஆகவே பேச்சைப் பதிவு செய்யாதீர்கள், கையால் குறிப்பு எடுங்கள், குறிப்பில் பெயரையும் ஊரையும் எழுதாதீர்கள். அவர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். ஃபோனில் நீண்ட நேரம் பேசாதீர்கள். அசல் ஆவணங்களை அவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை படிவத்தின் அமைப்பு மட்டும்தான், அதை வேறு வழியில் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் ஊர் ஒன்றிய அலுவலகத்தில் பழைய சாலைப் பணி ஒன்றின் அளவுப் புத்தக நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் பணிகளை நேரில் பார்வையிடவும், பொருட்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறவும்கூட உரிமை தருகிறது. உங்கள் திரைக்கதைக்கே இது ஒரு காட்சி. ஆனால் உங்களுக்குத் தகவல் சொன்னவரின் அலுவலகத்தில் மட்டும் மனு போடாதீர்கள். "யார் தூண்டிவிட்டது" என்ற தேடல் அவரிடம்தான் போய் நிற்கும்.

கதையில் மாவட்டம், துறை, ஆண்டு, ஆண் பெண் அடையாளம், பிள்ளைகள் எண்ணிக்கை ஆகியவற்றில் குறைந்தது மூன்றையாவது மாற்றுங்கள். இரண்டு மூன்று பேரின் அனுபவங்களை ஒரு பாத்திரத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது. கடைசியாக, நம் குறும்படங்கள் எல்லாவற்றிலும் வரும் "நன்றி" அட்டை. உதவிய அனைவரின் பெயரையும் பதவியோடு போடும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தப் படத்தில் அப்படி ஒரு வரி, தகவல் சொன்னவரை நேரடியாகக் காட்டிக்கொடுத்துவிடும். நன்றியை நேரில் சொல்லுங்கள்.

பணம்

ஊருக்கு ஊர் விலை மாறும். சொந்தமாகவோ நண்பரிடமோ நல்ல ஃபோன் அல்லது கேமரா இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது:

சாப்பாடு, டீ: 12 பேர், இரண்டு நாள், ஒருவருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 6,000
ஒலிப்பதிவுக் கருவி வாடகை: 4,000
இட வாடகை: 5,000
காகிதங்கள், ரப்பர் ஸ்டாம்ப், கோப்புகள், ஜல்லி: 2,500
போக்குவரத்து: 5,000
நடிகர்களுக்கு: 10,000
இரண்டு ஹார்ட் டிஸ்க்: 5,000
ஒலிச் சேர்ப்பு: 8,000
அவசரத்துக்கு: 4,500

மொத்தம் 50,000. பணம் குறைந்தால் கேமராவில் குறைத்துக்கொள்ளுங்கள். ஒலியிலும் சாப்பாட்டிலும் கை வைக்காதீர்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், கேட்காத வசனத்தைப் பொறுக்க மாட்டார். மதியம் இரண்டரைக்குச் சாப்பாடு வந்தால் அதன் பிறகு எடுக்கும் எந்த ஷாட்டும் உருப்படாது. நடிகர்களுக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். ஒன்றிய அலுவலகப் பாத்திரங்களுக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்ட நாடகக் கலைஞர்கள் தேவை, அவர்கள் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

அலுவலகத்தை உருவாக்குவது

உண்மையான அரசு அலுவலகத்தில் படம் பிடிக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இந்தக் கதைக்கு அது கிடைப்பது அரிது. "ஒரு மணி நேரத்தில் எடுத்துட்டுப் போயிடுங்க" என்று தெரிந்தவர் சொன்னாலும் போகாதீர்கள். மாட்டிக்கொள்வது அவர்தான். பழைய டுடோரியல் கல்லூரி, அறக்கட்டளை அலுவலகம், மூடிய அச்சகம், உதவி பெறும் பள்ளியின் அலுவலக அறை ஆகியவை பொருத்தமானவை. சனி, ஞாயிறு கேளுங்கள்.

சுவர் பாதிக்கு மேல் வெளிர் நிறமும் கீழே அடர் நிறமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரும்பு மேசை, பிரம்பு பின்னிய நாற்காலி, பீரோ, துணியில் கட்டிய பழைய கோப்புகள். கோப்புக் கட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, மேலே மட்டும் புது அட்டை போட்டு டேக் கயிற்றால் கட்டுங்கள். பெயர்ப் பலகையில் கற்பனை ஒன்றியத்தின் பெயரை எழுதுங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் உண்மையில் ஒன்றியம் இல்லை என்று சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். சுவரில் வாழும் தலைவர்கள் படம் வேண்டாம், படம் ஒரு கட்சிக்கு எதிரானது என்ற முத்திரை உடனே விழும். காந்தி, அம்பேத்கர், திருவள்ளுவர் போதும். அசோகச் சிங்கச் சின்னத்தைப் பயன்படுத்துவதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. கடிதத் தலைப்பில் சின்னமே இல்லாமல் எழுத்தை மட்டும் அச்சிடுங்கள்.

கடிதங்களை நீங்களே கற்பனையில் எழுதாமல், அமைப்பைப் பின்பற்றுங்கள். மேலே "செயல்முறைகள்" என்ற தலைப்பு, முன்னிலை (ஆணையிடும் அதிகாரியின் பெயர்), ந.க.எண் எனப்படும் கோப்பு எண், நாள், பிறகு பொருள், பார்வை, அதன் கீழ் ஆணை, இடப்புறம் பெறுநர், கடைசியில் நகல். ந.க.எண்ணில் இருக்கைக் குறியீடு வரும், அ1, ஆ3 என்பது போல. ஒரே எழுத்தர் எழுதும் கடிதங்களில் அது மாறக் கூடாது. எழுத்துரு மருதம் அல்லது வானவில் ஔவையார் என்றால் பார்த்த கணமே அரசுக் காகிதம் என்று தோன்றும். கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திடுவார். எழுத்தரும் ஓவர்சியரும் நீலமோ கறுப்போதான்.

எம் புக்குக்குத் தனிக் கவனம். பக்க எண்கள் அச்சிட்டிருக்க வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, திருத்தினால் கோடிட்டு அடித்து அருகில் சுருக்கொப்பம் போட வேண்டும். 0.040 என்று எழுதி, சுருக்கொப்பமே இல்லாமல் 0.075 என்று திருத்தியிருப்பது போல ஒரு வரி வைத்தால், விவரம் தெரிந்தவருக்கு அந்த ஒரு குளோசப்பே குற்றப்பத்திரிகை. நூறு பக்கமும் தேவையில்லை, முதல் ஆறு பக்கத்தை ஒழுங்காக எழுதிவிட்டு மற்றதை வெற்றுத் தாளாக வைத்துத் தைக்கலாம். ஒரே மாதிரி மூன்று பிரதி செய்யுங்கள். டீ கொட்டும்.

மின்விசிறி, டியூப் லைட், ஒலி

படப்பிடிப்பில் உங்களை அதிகம் படுத்தப்போவது மின்விசிறி. ஓடினால் வசனம் கெடும். ஓடாவிட்டால் அரசு அலுவலகம் போலவே இருக்காது, நடிகருக்கும் வியர்க்கும். வழி இதுதான்: விசிறி தெரியும் அகல ஷாட்டுகளை அதை ஓடவிட்டு, வசனம் இல்லாமல் எடுங்கள். வசன குளோசப்புகளை நிறுத்திவிட்டு எடுங்கள். விசிறி ஓடும் அறையின் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடமும், நிறுத்திய அறையின் சத்தத்தை ஒரு நிமிடமும் பதிவு செய்து, எடிட்டில் வசனத்தின் அடியில் விரியுங்கள். அகல ஷாட்டில் படபடக்கும் காகிதம் குளோசப்பில் அசையாமல் இருப்பது கண்ணை உறுத்தும். அதற்குத்தான் மேசை முழுக்கப் பேப்பர் வெயிட். தேவைப்பட்டால் ஒருவர் அட்டையால் மெல்ல விசிறலாம்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபோன் தானியங்கி அமைப்பில் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் எடுத்துக்கொண்டால் பழைய சோக் டியூப் லைட்டில் திரை முழுக்கப் பட்டை ஓடும். கைமுறைச் செயலியில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். வெயிலில் 1/50 வைத்தால் வெளிறிப்போகும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. சாலைக் காட்சி இருப்பதால் இதை மறக்காதீர்கள். கணினித் திரை காட்சியில் வந்தால் அதன் புதுப்பிப்பு வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், முடியாவிட்டால் அந்த ஷாட்டை மட்டும் 1/60இல் எடுங்கள்.

4கே-யில் எடுத்து 1080இல் முடியுங்கள். ஆவணத்தின் ஒரு வரியை எடிட்டில் பெரிதாக்க அது உதவும். படப்பிடிப்பு முழுக்க ஃபோன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும்.

ஒலிக்கு இரண்டு காலர் மைக், நீண்ட கம்பில் பிடிக்கும் ஒரு பூம் மைக். காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பொருத்துங்கள். சிந்தெடிக் புடவை உரசி உரசிப் பதிவைக் கெடுக்கும். நாயகிக்குப் பலமுறை துவைத்த பருத்திப் புடவை கொடுங்கள். பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு டேக்குக்கும் கைதட்டுங்கள். ஆடி மாதத்திலும் மார்கழிக் காலையிலும் வசனக் காட்சி வைக்காதீர்கள், ஒலிபெருக்கி இல்லாத தெரு அப்போது கிடைக்காது. முகூர்த்த நாளா என்று காலண்டரிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளுக்கு மொத்தம் 40 ஷாட் என்று கணக்கு வையுங்கள். முதல் நாள் அலுவலகம் முழுவதும். இரண்டாம் நாள் காலை ஆறரைக்குச் சாலை, மதியத்திலிருந்து வீடு. அலுவலகக் காட்சிகளைக் கதை வரிசையில் எடுங்கள். புகாருக்கு முன்னும் பின்னும் சக ஊழியர்கள் அவளைப் பார்க்கும் விதம் மாற வேண்டும், வரிசை குலைந்தால் அந்த நுணுக்கம் நடிகர்களுக்குப் பிடிபடாது. அவள் மேசையில் முதலில் இரண்டு டம்ளர், பிறகு ஒன்று. இப்படிச் சின்ன மாற்றங்களைப் பட்டியலாக எழுதி ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். அன்றிரவே எல்லாக் கோப்புகளையும் இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள்.

வெட்டும்போது

முதல் வடிவம் 17, 18 நிமிடம் வரும். முதலில் குறைக்க வேண்டியது தொடக்கம்: பஸ் பயணம், கோலம், விடிகாலை வானம். குழிக்குள் ஸ்கேல் இறங்குவதில் படம் தொடங்கட்டும். ஆவணத்தைக் காட்டும் ஷாட்டுக்கு அளவுகோல் ஒன்று உண்டு: அதில் உள்ள முக்கிய வரியை நீங்கள் நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க ஆகும் நேரம். படிக்க வேண்டியது ஆறேழு சொல்லுக்கு மேல் இருந்தால், வெட்டி வேறு ஷாட்டாக்குங்கள். வயலினை ஓங்கவிட்டு அழ வைக்க வேண்டாம். ஸ்டாம்ப் விழும் சத்தம், பஞ்சிங் மிஷின், கோப்பை மேசையில் வைக்கும் சத்தம் ஆகியவற்றைத் தனியாகப் பதிவு செய்து, புகாருக்குப் பிறகு வரும் காட்சிகளில் சற்று உயர்த்துங்கள். இணையத்துக்கான ஒலி அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ். விழாக்களுக்கு அனுப்ப ஆங்கில வசன வரிகள் தேவை. "17பி", "எம் புக்" போன்றவற்றை மொழிபெயர்க்கும்போது விளக்கம் சேர்க்காமல் சுருக்கமாகச் சொல்லுங்கள், திரையில் இரண்டு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

வெளியிடும் முன்

"யாவும் கற்பனையே" என்ற அட்டை கேடயம் அல்ல. ஒரு குறிப்பிட்ட அதிகாரியைப் பதவி, ஊர், தோற்றம், பேச்சு இவற்றால் யாரும் அடையாளம் காண முடிந்தால், பெயர் சொல்லாவிட்டாலும் அவதூறு வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவு. மேலதிகாரி பாத்திரத்துக்கு உண்மையான ஆளின் மீசையையும் பைக்கையும் கொடுத்துத் திருப்திப்படாதீர்கள். நடிகர்கள், இட உரிமையாளர், இசையமைப்பாளர் ஆகியோரிடம் ஒரு பக்கத் தமிழ்க் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் உடையில் ஆள் வரும் காட்சியைத் தெருவில் எடுப்பதாக இருந்தால், அந்தக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்குங்கள்.

திரையரங்கிலோ பொது நிகழ்ச்சியிலோ காட்டத் தணிக்கைச் சான்று வேண்டும். யூடியூபில் ஏற்ற அது தேவையில்லை. பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை, ஆகவே முதலில் விழாக்களுக்கு அனுப்பி, பிறகு இணையம்.

இணையத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு திரையிடல் கட்டாயம். உங்களுக்குத் தகவல் சொன்னவர் நேரில் உங்கள் மடிக்கணினியில் பார்க்க வேண்டும், லிங்க் அனுப்பாதீர்கள். "இதைப் பார்த்தால் நான்தான் சொன்னேன் என்று யாருக்காவது தோன்றுமா?" என்று அவரே யோசித்துச் சொல்லட்டும். அவர் சுட்டிக்காட்டும் ஷாட் படத்தின் மிகச் சிறந்த ஷாட்டாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு, ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கிழித்துப் போடுங்கள். அவரோடு நடந்த வாட்ஸப் உரையாடல், அழைப்புப் பட்டியல், கிளவுடில் தானாகச் சேமிக்கப்பட்ட பிரதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதன் பின்னரே வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள்.